அயர்னிக்கில் பதிவு செய்யும் சர்வர்கள் ஏன் பாதியில் நிற்கின்றன?

கிளவுட் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கில் சர்வர் வன்பொருளை நேரடியாகக் கையாளும் பகுதியான அயர்னிக் கொண்டு சர்வர்களை நிர்வகிக்கும் உங்கள் குழு, புதிதாக வந்த சர்வர்களைப் பதிவு செய்திருக்கிறது. அவற்றுள் சில, ‘மேனேஜ்’ கட்டளை கொடுத்த சற்று நேரத்தில் மீண்டும், பதிவு மட்டும் ஆன ‘என்ரோல்’ நிலைக்கே திரும்பிவிடுகின்றன. சில, வன்பொருள் ஆய்வுக்காகக் காத்திருக்கும் ‘இன்ஸ்பெக்ட் வெயிட்’ நிலையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் தோற்கின்றன. ஒன்றிரண்டு அதையும் தாண்டிப்போய், வட்டுகளை அழிக்கும் சுத்திகரிப்பில் தோற்று ‘கிளீன் ஃபெயில்ட்’ ஆகிக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரிச் சர்வர்கள்தானே, எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

மாடல் ஒன்றாக இருந்தாலும் இவை ஒரே கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்றையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும். ஒரு சர்வரைச் சேர்ப்பது என்பது அயர்னிக்கில் பல உரையாடல்களின் தொடர். முதலில், அயர்னிக்கின் வேலைகளை நடத்தும் சேவையான கண்டக்டர், சர்வருக்குள் தனியாக இயங்கும் மேலாண்மைச் சிப்பான பிஎம்சியிடம் பேசுகிறது. அடுத்து, சர்வர் தன் நெட்வொர்க் கார்டு வழியாக, ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியிடமும் பூட் கோப்புகள் இருக்கும் இடத்திடமும் பேசுகிறது. அதன் பிறகு, நினைவகத்தில் ஏற்றப்பட்ட சிறு நிரலான ஏஜென்ட் அயர்னிக்கின் ஏபிஐயிடம் பேசுகிறது. கடைசியாகக் கண்டக்டர் அந்த ஏஜென்ட்டிடம் பேசுகிறது. நோட், அதாவது அயர்னிக்கில் ஒரு சர்வருக்கான பதிவு, எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்தால், யார் யாரிடம் பேச வேண்டிய முறை வந்தபோது பேச்சு நின்றது என்பது தெரிந்துவிடும். அதைக் கண்டுகொள்ளாமல் கேபிளை மாற்றுவது, ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, நோடை அழித்துவிட்டு மறுபடி பதிவது என்று இறங்கினால் நேரம்தான் போகும்.

‘என்ரோல்’ என்ற நிலையைப் பற்றி ஒரு சொல். 2015இல் வந்த லிபர்ட்டி வெளியீட்டில்தான் இது புதிய நோடுகளின் தொடக்க நிலையானது. அதற்கு முன்பு, பதிவு செய்த நோட் நேரடியாக, பயன்பாட்டுக்குத் தயாரான ‘அவைலபிள்’ ஆகிவிடும். பிஎம்சியின் கடவுச்சொல் தவறு என்பது, யாரோ ஒருவர் அந்தச் சர்வரைக் கேட்கும் நாளில்தான் வெளிவரும். இன்று ‘என்ரோல்’ என்றால் தரவுத்தளத்தில் ஒரு வரி இருக்கிறது என்பதற்கு மேல் எந்தப் பொருளும் இல்லை. உலகில் இல்லாத ஒரு சர்வரைக்கூட நீங்கள் அந்த நிலையில் பதிவு செய்து வைக்கலாம், அயர்னிக் ஒன்றும் சொல்லாது. ஆகவே பதிவு செய்யும் கட்டளை வெற்றி பெற்றதை எதற்கும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

‘மேனேஜ்’ கொடுத்ததும் நோட் ‘வெரிஃபையிங்’ நிலைக்குப் போகிறது. கண்டக்டர் அங்கே பிஎம்சியைத் தொடர்புகொண்டு மின்சாரம் இயக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறது. பதில் வந்தால் ‘மேனேஜபிள்’. வராவிட்டால் மீண்டும் ‘என்ரோல்’. சரிபார்ப்பு தோற்றது என்று சொல்லத் தனியாக ஒரு நிலை கிடையாது என்பதால், திரும்பி வந்த நோடைப் பார்ப்பவர் கட்டளையே ஓடவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அதையே கொடுத்துக்கொண்டிருப்பார். நோடின் விவரத்தில் ‘லாஸ்ட் எரர்’ என்ற புலத்தை முதலில் படியுங்கள். அடுத்த செயல் தொடங்கும்போது அந்தப் புலம் அழிந்துவிடும் என்பதால், மறுமுறை முயல்வதற்கு முன் அதை நகலெடுத்து வையுங்கள். புதிய வெளியீடுகளில் நோடின் வரலாற்றைத் தனிக் கட்டளையால் பார்க்கலாம். பழைய பிழைச்செய்திகள் அங்கே இருக்கும். அதே பார்வையில், நோட் பராமரிப்பில் இருப்பதைக் குறிக்கும் ‘மெயின்டனன்ஸ்’ கொடி, அதன் காரணம், எந்தக் கண்டக்டர் இந்த நோடைக் கையாள்கிறது என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டக்டரே அமையாத நோடுகளும் உண்டு. நீங்கள் குறிப்பிட்ட வன்பொருள் வகை எந்தக் கண்டக்டரின் அமைப்புக் கோப்பிலும் இயக்கப்படவில்லை என்றாலும், நோடில் ஒரு கண்டக்டர் குழுவின் பெயரை எழுதிவிட்டு அந்தப் பெயரில் கண்டக்டர் ஒன்றும் ஓடவில்லை என்றாலும், இந்த டிரைவரை ஆதரிக்கும் கண்டக்டர் இல்லை என்ற செய்தி வரும். இது சர்வரைத் தொடாத கோளாறு. அமைப்புக் கோப்பைத் திருத்திக் கண்டக்டரை மறுபடி தொடங்கினால் தீர்ந்தது.

இனி, ‘என்ரோல்’ நிலைக்குத் திரும்பும் நோடுகள். இவற்றைச் சோதிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் கண்டக்டர் ஓடும் கணினியிலிருந்தே கொடுங்கள். கண்டக்டர் கன்டெய்னருக்குள் ஓடினால் அந்தக் கன்டெய்னருக்குள்ளிருந்தே கொடுங்கள். உங்கள் மடிக்கணினியின் பிரவுசரில் பிஎம்சியின் பக்கம் திறக்கிறது என்பதால் ஒன்றும் உறுதியாவதில்லை. பிரவுசர் போவது டிசிபி 443. பிஎம்சியிடம் பேசும் நெறிமுறையான ஐபிஎம்ஐ போவது யூடிபி 623. முன்னதைத் திறந்துவிட்டுப் பின்னதை மறந்துபோகும் ஃபயர்வால் விதிகளை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். பிங் பதில் தருகிறது என்பதும் அப்படித்தான்.

கண்டக்டரிலிருந்து ஐபிஎம்ஐடூல் கொண்டு, லான்பிளஸ் இடைமுகத்தில் மின்நிலையைக் கேளுங்கள். வேலை செய்தால், சிக்கல் அயர்னிக்கில் பதிந்த விவரத்தில் இருக்கிறது. செய்யாவிட்டால், பிஎம்சியிலோ வழியிலோ இருக்கிறது. ஐபிஎம்ஐயின் ஆர்எம்சிபி பிளஸ் அமர்வை நிறுவ இயலவில்லை என்ற ஒரே செய்தி பல காரணங்களுக்கு வரும் என்பதால், விரிவான வெளியீட்டுக்கான கொடியைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பயனருக்கு ஆபரேட்டர் உரிமை மட்டும் கொடுத்திருந்தால், அயர்னிக் இயல்பாக அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கேட்டு அமர்வைத் திறக்க முயல்வதால் கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்காது. நோடின் டிரைவர் விவரத்தில் உரிமை அளவைக் குறிப்பிட வேண்டும். குறியாக்க முறைகளின் தொகுப்பான சைஃபர் சூட்டின் எண் பொருந்தாமல் போவதும் உண்டு. பழைய பிஎம்சிகள் 3ஐ மட்டும் அறிந்திருக்கும், புதியவை பாதுகாப்புக்காக அதை மூடிவிட்டு 17ஐ மட்டும் ஏற்கும். எண்ணை மாற்றிக் கொடுத்து ஒருமுறை சோதித்தால் தெரிந்துவிடும்.

கடவுச்சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளியே தெரியாமல் கெடுக்கும் இடம் இது. ஐபிஎம்ஐ 2.0இல் கடவுச்சொல்லின் உச்ச நீளம் 20 பைட்டு, 1.5இல் 16. கடவுச்சொல் மேலாளர் ஒன்று 24 எழுத்தில் உருவாக்கிய சொல்லை நீங்கள் பிஎம்சியின் இணையப் பக்கத்தில் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில பிஎம்சிகள் அதை மறுக்கும், அது நல்லது. சில ஏற்றுக்கொண்டு, பிரவுசர் வழியே முழுச் சொல்லையும் அனுமதித்துவிட்டு, ஐபிஎம்ஐக்கு மட்டும் வெட்டிய வடிவத்தை வைத்துக்கொள்ளும். பிரவுசரில் நுழைய முடிகிறது, அயர்னிக்கில் முடியவில்லை என்ற புதிர் இப்படித்தான் பிறக்கிறது. இன்னொன்று, டாலர் குறியோ ஆச்சரியக்குறியோ உள்ள சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து ஷெல்லில் தட்டினால், ஷெல் அதை வேறொன்றாக மாற்றித்தான் அயர்னிக்குக்கு அனுப்பும். பிறகு நோடின் விவரத்தைக் கேட்டால் ஏபிஐ கடவுச்சொல்லை நட்சத்திரக் குறிகளாக மறைத்தே காட்டும் என்பதால், உள்ளே தவறான சொல் இருப்பது உங்கள் கண்ணுக்குப் படாது. ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து மறுபடி பதியுங்கள். எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட, 16 எழுத்துக்கு மிகாத சொல் ஒன்றை அமைத்துவிட்டால் இந்தத் தலைவலி முழுதுமே போய்விடும். நீளம் குறைகிறதே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் ஐபிஎம்ஐ 2.0இன் உள்நுழைவு முறையே, கேட்பவருக்குக் கடவுச்சொல்லின் ஹேஷைத் தந்துவிடும் குறைபாடு உடையது. அதற்கு மருந்து, பிஎம்சி நெட்வொர்க்கை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பது. கூடுதலாக நான்கு எழுத்து சேர்ப்பதால் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது.

ஐபிஎம்ஐக்குப் பதில் ரெட்ஃபிஷ் பயன்படுத்தினால் கோளாறுகளின் முகம் வேறு. டிஎம்டிஎஃப் என்ற தர அமைப்பு 2015இல் வெளியிட்ட இந்த நெறிமுறை எச்டிடிபிஎஸ் மேல் ஓடுவதால், பிஎம்சியின் சுயகையொப்பச் சான்றிதழை அயர்னிக் இயல்பாகவே ஏற்க மறுக்கும். சான்றிதழ் ஆணையத்தின் கோப்பைத் தருவது முறை. சோதனைக்காகச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு அதை அப்படியே விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சிஸ்டம் அடையாளத்தையும் கவனியுங்கள். ஒரு பிஎம்சியின் கீழ் ஒரே சிஸ்டம் இருந்தால் அதைக் கொடுக்காமலே விடலாம். பல சிஸ்டம்களைக் காட்டும் சேசிஸ்களில் கட்டாயம் கொடுக்க வேண்டும். அந்தப் பாதையின் கடைசிப் பகுதி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், வேறொரு சர்வருக்கு எழுதிய ஸ்கிரிப்ட்டிலிருந்து நகலெடுத்த பாதை இங்கே பொருந்தாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பிஎம்சி சில சமயம் பேசுகிறது, சில சமயம் பேசவில்லை என்றால், அது தனிக் கேபிளில் இருக்கிறதா அல்லது சர்வரின் முதல் நெட்வொர்க் போர்ட்டைப் பகிர்ந்துகொள்கிறதா என்று பாருங்கள். பகிர்வு முறையில், சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது அந்தப் போர்ட்டின் இணைப்பு ஒருமுறை அறுந்து எழும். சில விநாடிகள் பிஎம்சி காணாமல் போகும். தனிப் போர்ட்டில் கேபிள் இல்லாவிட்டால் தானாகவே பகிர்வுக்கு மாறிக்கொள்ளும் அமைப்பும் பல சர்வர்களில் உண்டு. அப்போது பிஎம்சி வேறொரு விலானில், அதாவது பிரித்து வைத்த இன்னொரு நெட்வொர்க் பகுதியில், போய் முளைக்கும். பேச்சு மெதுவாக இருக்கும் பிஎம்சியில் இன்னொரு அறிகுறியும் தென்படும்: கண்டக்டர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நோடைப் பூட்டி வைப்பதால், நீங்கள் கொடுக்கும் அடுத்த கட்டளைக்கு நோட் பூட்டப்பட்டிருக்கிறது என்று 409 பதில் வரும். ஐபிஎம்ஐ முயற்சிகளுக்கு இயல்பான கால எல்லை 60 விநாடி. அதுவரை பொறுத்திருப்பது நல்லது. பூட்டைத் தரவுத்தளத்தில் கைவைத்து நீக்கும் வேலை வேண்டாம்.

‘மேனேஜபிள்’ ஆகிவிட்ட நோடுகளிலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. இரண்டு சர்வர்களின் பிஎம்சி முகவரிகள் இடம் மாறிப் பதிவாகியிருந்தால் சரிபார்ப்பு இரண்டுக்குமே வெற்றி பெறும், ஏனென்றால் இரண்டு பிஎம்சிகளுமே ஒழுங்காகப் பதில் சொல்கின்றன. முதல் நோடை இயக்கினால் இரண்டாம் சர்வர் எழும். அதன் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை என்பதால் அது பூட் கோப்பு கிடைக்காமல் நிற்கும். முதல் நோட் காலாவதியாகும். நெட்வொர்க்கில் நாள் முழுதும் தேடினாலும் இதற்கு விடை கிடைக்காது. பிஎம்சி தரும் வரிசை எண்ணை, சர்வரின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுவதும், அடையாள விளக்கை எரியவிட்டு ரேக்கில் போய்ப் பார்ப்பதும் இதற்குப் போதும். புதிய தொகுப்பைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து; பிறகு ஒருநாள் தவறான சர்வரின் வட்டுகளை அழித்துவிட்டுத் தலையில் கைவைப்பதைவிட இது மலிவு.

அடுத்து ‘இன்ஸ்பெக்ட் வெயிட்’. நீங்கள் சொல்லும் அந்த அரை மணி நேரம், கண்டக்டரின் காத்திருப்பு எல்லையான 1800 விநாடி. ஆகவே காலாவதியாகிவிட்டது என்ற பிழைச்செய்தி, நான் காத்திருந்தேன், யாரும் வரவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. அந்த எல்லையைக் கூட்டி வைப்பது, நினைவகச் சோதனைக்கே பல நிமிடம் எடுக்கும் பெரிய சர்வர்களுக்கு மட்டும் பயன்படும். மற்றவற்றில், சர்வர் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பிஎம்சியின் கன்சோலை ஒரு சன்னலில் திறந்து வையுங்கள். இன்னொரு சன்னலில், டிஎச்சிபி சேவை ஓடும் கணினியில், பூட் நெட்வொர்க்கின் இடைமுகத்தில் பாக்கெட்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை யூடிபி 67, 68, 69 போர்ட்களுக்கு ஓடவிடுங்கள். பிறகு ஆய்வைத் தொடங்குங்கள். சர்வரின் மேக் முகவரியிலிருந்து முகவரி கேட்கும் டிஸ்கவர் பாக்கெட் ஒன்றுகூட வராவிட்டால், சர்வர் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகவே முயலவில்லை அல்லது முயன்றது உங்களை எட்டவில்லை. கன்சோலில் பூட் முயற்சி தெரிந்தும் பாக்கெட் வராவிட்டால் ஸ்விட்ச் பக்கம் திரும்புங்கள். கேபிள் இரண்டாம் போர்ட்டில் இருக்க, பூட் முதல் போர்ட்டில் இயக்கப்பட்டிருப்பது சாதாரணமாக நடப்பது. அதைவிடக் கண்ணில் படாதது, ஸ்விட்ச்களுக்கிடையே சுழல் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ: கணினிகள் இணையும் போர்ட்டுக்கான விரைவு அமைப்பு இல்லாத ஸ்விட்ச் போர்ட், இணைப்பு எழுந்தவுடன் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அதன் பிறகே பாக்கெட்களை அனுப்பத் தொடங்கும். அந்த 30 விநாடிக்குள் சர்வரின் பூட் நிரல் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு ஓய்ந்துபோகலாம். முதல் கட்டத்தில் ஃபர்ம்வேர் பொறுமையாகக் காத்திருந்து வென்றுவிட்டு, அடுத்து வரும் நெட்வொர்க் பூட் நிரலான ஐபிஎக்ஸ்இ, கார்டை மறுபடி தொடங்கும்போது இணைப்பு அறுந்து, இரண்டாம் டிஎச்சிபியில் தோற்பதும் இதனால்தான். ஸ்விட்ச் போர்ட்கள், பல இணைப்புகளை ஒன்றாக்கும் எல்ஏசிபி குழுவில் இருந்தால் அதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். பூட் நிலையில் சர்வருக்கு எல்ஏசிபி தெரியாது. எதிர்ப்பக்கம் பேசாத போர்ட்டை ஸ்விட்ச் முடக்கி வைக்கும். தனிப் போர்ட்டாக இயங்க அனுமதிக்கும் ஃபால்பேக் அமைப்பு ஸ்விட்சில் வேண்டும்.

டிஸ்கவர் வருகிறது, அதற்குப் பதிலான ஆஃபர் போகவில்லை என்றால், டிஎச்சிபி அந்த மேக்கை அறியவில்லை. நோடுக்கு அந்த மேக்கோடு போர்ட் பதிவு செய்திருக்கிறீர்களா, எழுத்துப்பிழை இல்லையா என்று பாருங்கள். ஒரே மேக்கை இரண்டு நோடுகளில் பதிய அயர்னிக் விடாது என்பதால், பழைய, மறந்துபோன நோட் ஒன்றில் அந்த முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் புதிய பதிவு 409 என்று மறுக்கப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றிய சர்வர்களில் இதை எதிர்பார்க்கலாம். ஆஃபர் போகிறது, ரெக்வெஸ்ட் வரவில்லை என்றால், அந்த நெட்வொர்க்கில் இன்னொரு டிஎச்சிபி சர்வர் முந்திக்கொள்கிறதா என்று பாருங்கள். டிஎச்சிபியின் நான்கு படியும் முடிந்து, பூட் கோப்பை இறக்கும் டிஎஃப்டிபியில் நின்றால் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். டிஎஃப்டிபியில் முதல் வேண்டுகோள் மட்டுமே 69ஆம் போர்ட்டுக்கு வரும், கோப்பு வேறொரு தற்காலிகப் போர்ட்டிலிருந்து போகும். 69ஐ மட்டும் திறந்து வைத்தால் போதாது.

கோப்பு வந்திறங்கியும் ஓடவில்லையென்றால் பூட் முறை பொருந்தவில்லை. டிஎச்சிபி வேண்டுகோளில் 93ஆம் விருப்பம் சர்வரின் கட்டமைப்பைச் சொல்லும்; பழைய பயாஸ் என்றால் 0, 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் பெரும்பாலும் 7. நோடில் ஒன்றும் சர்வரின் அமைப்பில் மற்றொன்றும் இருந்தால் தவறான பூட் கோப்பு போய்ச் சேரும். அயர்னிக்கின் பழைய வெளியீடுகள் இயல்பாகப் பயாஸையும், புதியவை யூஇஎஃப்ஐயையும் எடுத்துக்கொள்வதால், மேம்படுத்திய பிறகு பழைய நோடுகள் நன்றாக ஓட, புதியவை மட்டும் தடுமாறுவது உண்டு. செக்யூர் பூட் இயங்கும் சர்வரில் கையொப்பமில்லாத ஐபிஎக்ஸ்இ ஓடாது. கன்சோலில் அதற்கான செய்தி சில விநாடிகள் தோன்றி மறையும்.

கர்னல் எழுந்துவிட்டது, திரையில் ஏஜென்ட் தொடங்கிய தடயமும் தெரிகிறது, ஆனாலும் அயர்னிக் ஒன்றும் கேட்கவில்லை என்ற கட்டம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் சுவையான பகுதி. ஏஜென்ட்டைச் சுமந்து நினைவகத்தில் ஏறும் ராம்டிஸ்க்கில் அந்த நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால், ஐபிஎக்ஸ்இ வரை வேலை செய்த கார்டு கர்னலில் எழாது, ஏனென்றால் முதல் கட்டத்தில் கார்டை இயக்கியது வேறு டிரைவர். கார்டு எழுந்தும் பேச்சு போகவில்லை என்றால், ஏஜென்ட்டுக்குக் கொடுக்கப்பட்ட ஏபிஐ முகவரி பூட் நெட்வொர்க்கிலிருந்து எட்டக்கூடியதா என்று பாருங்கள். அயர்னிக் ஏபிஐயின் வழக்கமான போர்ட் 6385. டிஎல்எஸ் இருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். நெடுநாள் கிடங்கில் கிடந்த சர்வரில் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோய், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் நிற்கும். அந்தச் சர்வரின் கணக்கில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஏஜென்ட்டின் கர்னல் அளவுருக்களில் என்டிபி சர்வர் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். உள்ளே நுழைந்து பார்க்க வேண்டுமானால், உங்கள் எஸ்எஸ்எச் திறவியை ஏற்கும்படி ராம்டிஸ்க்கை ஒருமுறை கட்டி வையுங்கள். ஊகித்துக்கொண்டிருப்பதை அது மிச்சப்படுத்தும்.

ஏஜென்ட் ஏபிஐயை எட்டியும் 404 வாங்குவது தனிக் கதை. எழுந்தவுடன் ஏஜென்ட் தன் மேக் முகவரிகளைக் கொடுத்து, நான் எந்த நோட் என்று கேட்கும். மேக் பொருந்தாவிட்டால் 404 என்பது எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் மேக் பொருந்தினாலும், நோட் அந்த நேரத்தில் ஆய்வு, சுத்திகரிப்பு, நிறுவல் போன்ற இடைநிலை ஒன்றில் இல்லாவிட்டால், பாதுகாப்புக்காக அயர்னிக் அதே 404ஐத்தான் தரும். ‘என்ரோல்’ நிலையில் உள்ள சர்வரைக் கையால் இயக்கி, ஏஜென்ட் பூட் ஆவதைப் பார்த்துவிட்டு, மேக்கைத் திருப்பித் திருப்பிச் சரிபார்ப்பவர் இல்லாத பிழையைத் தேடுகிறார். இதற்கு நெருங்கிய உறவு, ஏஜென்ட் தன்னை நிரூபிக்கக் காட்டும் இரகசியமான ஏஜென்ட் டோக்கன். விக்டோரியா வெளியீட்டிலிருந்து இது கட்டாயம். முதல் தேடலில் ஒருமுறை வழங்கப்படும், பிறகு வழங்கப்படாது. காத்திருப்பு நிலையில் உள்ள சர்வரைப் பொறுமையிழந்து பிஎம்சியிலிருந்து மறுதொடக்கம் செய்தால், மறுபடி எழும் ஏஜென்ட்டிடம் டோக்கன் இருக்காது. அது அவ்வப்போது அனுப்பும் ‘இருக்கிறேன்’ செய்திகளான ஹார்ட்பீட்கள் மறுக்கப்பட்டு, நோட் காலாவதிவரை சும்மா நிற்கும். மறுபடி தொடங்க வேண்டுமானால் அயர்னிக்கின் ‘அபார்ட்’ கட்டளையைக் கொடுத்துவிட்டு ஆய்வைப் புதிதாகத் தொடங்குங்கள்.

இப்போது ‘கிளீன் ஃபெயில்ட்’ ஆன ஒன்றிரண்டு நோடுகள். நோடைப் பயன்பாட்டுக்குத் தயாராக்கும் ‘ப்ரொவைட்’ கட்டளை கொடுத்ததும் தானியங்கிச் சுத்திகரிப்பு ஓடுகிறது. கண்டக்டர் ஏஜென்ட்டைத் தேடிப் போய்க் கட்டளை கொடுப்பது பல நிறுவல்களில் இங்கேதான் முதன்முறை. அதுவரை ஏஜென்ட்தான் பேசிக்கொண்டிருந்தது. கண்டக்டரிலிருந்து சர்வரின் 9999ஆம் போர்ட்டுக்கு வழி இல்லையென்றால், ஹார்ட்பீட் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும், வேலை மட்டும் நடக்காது. ஒருதிசை ஃபயர்வால் விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அறிகுறி வேறு இல்லை. ஆய்வில் தோற்காத சர்வர் இங்கே தோற்பதும் இதனால்தான்.

வட்டுகளும் இங்கே பேசத் தொடங்கும். ஏடிஏ வட்டுகளில் பாதுகாப்பு அழிப்பு விரைவானது. ஆனால் பல சர்வர்களின் பயாஸ் பூட் ஆகும்போதே வட்டின் அந்த வசதியை உறைநிலையில் பூட்டிவிடும். அப்போது ஒவ்வொரு பைட்டாக எழுதி அழிப்பதே மிஞ்சும். விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால் 8 டிபி வட்டுக்கு ஒரு சுற்றே ஏறக்குறைய 15 மணி நேரம். அத்தகைய சர்வர்களில் முழு அழிப்பின் முன்னுரிமையை 0 ஆக்கி நிறுத்திவிட்டு, பார்டிஷன் அட்டவணை முதலிய மெட்டாடேட்டாவை மட்டும் அழிக்கும் படியை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கிடையே சர்வர் கைமாறும் என்றால் மட்டும் அந்த நேரத்தைச் செலவழிக்கத்தான் வேண்டும். எந்த வட்டுமே 4 ஜிபியைவிடப் பெரிதாக இல்லை என்ற பொருளில் பிழை வந்தால் வட்டு சிறியது என்று நினைக்காதீர்கள். ரெய்டு கார்டில் தொகுதி எதுவும் உருவாக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது ராம்டிஸ்க்கின் கர்னல் அந்தப் பழைய கார்டைக் கைவிட்டிருக்கும். ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8ஆம் பதிப்பில் பல பழைய கார்டுகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டது, அதை அடிப்படையாகக் கொண்ட ராம்டிஸ்க்குகளிலும் அது தொடர்கிறது. தோல்வியின்போது ஏஜென்ட்டின் லாக்கைக் கண்டக்டர் வாங்கி, வழக்கமாகத் தன் லாக் கோப்பகத்தின் கீழ் ‘டிப்ளாய்’ என்ற உட்கோப்பகத்தில் சேமிக்கும். கர்னல் கண்ட வட்டுகளின் பட்டியலை அங்கே பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் தானியங்கிச் சுத்திகரிப்பையே அணைத்துவிட்டால் நோட் உடனே ‘அவைலபிள்’ ஆகிவிடும் என்ற யோசனையை யாராவது சொல்வார்கள். வேண்டாம் என்பேன். பூட், ஏஜென்ட், இருதிசைப் பேச்சு, வட்டு எல்லாம் பயனருக்குப் போவதற்கு முன் ஒன்றாகச் சோதிக்கப்படுவது அதில் மட்டும்தான். அதை அணைத்தால் அதே கோளாறு நிறுவலின்போது பயனரின் கண்முன் வரும். காரணத்தைச் சரிசெய்த பின் ‘மேனேஜ்’ கொடுத்து நோடை ‘மேனேஜபிள்’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். சுத்திகரிப்புத் தோல்வி நோடை மெயின்டனன்ஸில் போட்டிருக்கக்கூடும். போட்டிருந்தால் அந்தக் கொடியைத் தனிக் கட்டளையால் நீக்கிவிட்டு, அதன் பிறகே மறுபடி ‘ப்ரொவைட்’ கொடுங்கள்.

‘அவைலபிள்’ ஆனதும், ஓப்பன்ஸ்டாக்கில் சர்வர்களைப் பயனருக்கு ஒதுக்கும் நோவா அந்தச் சர்வரைப் பார்க்கவில்லை என்ற அடுத்த கேள்வி வரக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நோடில், சர்வரின் வகைப்பெயரான ரிசோர்ஸ் கிளாஸ் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதன் பெயர் பேரெழுத்தாகி, ‘கஸ்டம்’ என்ற முன்னொட்டோடு, பயனர் தேர்ந்தெடுக்கும் அளவு வகையான ஃபிளேவரில் ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். அதே ஃபிளேவரில் சிபியு, நினைவகம், வட்டு ஆகியவற்றின் தேவை பூஜ்யமாக்கப்பட்டிருக்க வேண்டும். எழுதிய பிறகு, வளங்களைக் கணக்கு வைக்கும் சேவையான பிளேஸ்மென்ட்டில் கையிருப்பு தோன்ற நோவாவின் அடுத்த சுற்றுவரை சற்று நேரம் பிடிக்கும்.